உப்பு விளையும் கரையும் உயராத வாழ்வும்



ஒரு நாட்டு மக்களின் வாழ்நிலையை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் அந்நாட்டின் தலைநகரில் இருந்துகொண்டே அளக்கின்றனர். வானளாவிய மாடங்களை எண்ணுகின்றனர். சாலைகளின் நீளத்தைக் கணக்கிடுகின்றனர். வருமானத்தையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, மக்கள் தொகையால் வகுத்து, வந்த ஈவைத் 'தலைக்கு இவ்வளவு' என்று அறிவித்துவிடுகின்றனர். அந்த ஈவு எவர் தலைக்கும் உரியதன்று. பட்டு நூலையும் பருத்தி நூலையும் நிறுத்துக் கூட்டி வகுத்தால் வரும் துணியை எவரும் உடுத்த முடியாது. வாழ்நிலையை அளக்க வேண்டுமாயின், நாட்டின் ஓரத்தில், நிலமும் கடலும் கலக்குமிடத்தில், குனிந்த முதுகோடு உழைப்பவனின் பாத்திவரப்பிலிருந்து அளத்தல் வேண்டும். மரக்காணத்து உப்பளம் அத்தகையதோர் இடம்.

பழம்பெருமையும் பாத்திவரப்பும்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரமாக அமைந்த ஊர் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலர் முடிபு. அந்நூலைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இதற்கு அடுத்த வடபுலமே. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய கடற்செலவுக் குறிப்பில் வரும் 'சோபட்மா' என்னும் துறைமுகத்தையும் இங்கே பொருத்திக் காண்போர் உளர். சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய பூமீசுவரர் கோயில் இன்றும் இவ்வூரில் நிற்கிறது.

இவ்வளவு பெருமையும் இருந்தென்ன? பெருமை கல்லில் இருக்கிறது. வறுமை குடிலில் இருக்கிறது. வரலாற்றைப் பேசி மகிழும் தமிழன், வரலாற்றின் மேல் வாழ்ந்துகொண்டிருக்கும் தமிழனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கழக இலக்கியத்தில் உமணரைப் படித்துச் சுவைப்பவர், அளத்தில் உப்பு வாருபவனின் அன்றாடக் கூலி எவ்வளவு என்று கேட்டறிவதில்லை.

மூவாயிரம் குறுக்கம் அளவில் பரந்த உப்பளம் இது. கழுவெளி நீர்ப்பரப்பும், கழிமுகமும், பக்கிங்காம் கால்வாயும் இதனைச் சூழ்ந்துள்ளன. தைத்திங்களில் பாத்தி திருத்தும் வேலை தொடங்கும். சேற்று நிலத்தைச் சமன்செய்து, காலால் மிதித்து மிதித்து இறுக்குவர். கடல்நீரின் உப்படர்த்தி மூன்று பாகை அளவினது. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவிட்டு, ஏறத்தாழ இருபத்தைந்து பாகைக்குக் கொண்டு வந்தால்தான் உப்பு பூக்கும். முப்பது பாகையை நெருங்குமுன் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் உப்பிற் கசப்பேறும். பள்ளிப்படிப்பு நிரம்பாத உழைப்பாளி இதனை நீரின் நிறத்தாலும் நாவின் சுவையாலும் அறிகிறான். இஃது ஓர் அறிவியல். ஆனால் இதற்குச் சான்றிதழும் இல்லை, சம்பள உயர்வும் இல்லை.

'சம்பளம்' என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுக்கப்பட்டமையால், 'சம்பு', 'அளம்' என்னும் இரண்டும் கூடிச் 'சம்பளம்' ஆயிற்று என்பர் தமிழ்ச் சொல்லாய்வறிஞர். இலத்தீன மொழியிலும் உப்பைக் குறிக்கும் சொல்லடியாகவே ஊதியத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. உலகுக்கெல்லாம் சம்பளத்திற்குப் பெயர் கொடுத்தது உப்பு. அவ்வுப்பை விளைவிப்பவனுக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் இல்லை! ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் அளம் நீருள் மூழ்கும். அத்திங்கள்களில் அடுப்பும் மூழ்கும்.

மூன்று ஒப்பீடுகள்

வட்டாரங்களின் வாழ்நிலையை ஒப்பிடும்போது ஒரே ஓர் ஒப்பீட்டோடு நின்றுவிடுதல் பெரும்பிழை. மரக்காணத்தை மூன்று படிகளில் வைத்துக் காணல் வேண்டும்.

முதற்படி, மாநிலத்தோடு மாநிலம். நிதி ஆயோக்கு வெளியிட்ட பன்முக வறுமைக் கணக்கின்படி, 2019-21 ஆம் ஆண்டுகளில் இந்திய ஒன்றியத்தில் நூற்றுவருள் ஏறத்தாழப் பதினைவர் (14.96 விழுக்காடு) வறியோர். பீகாரில் 33.76, உத்தரப்பிரதேசத்தில் 22.93, குசராத்தில் 11.66, தமிழ்நாட்டில் 2.20, கேரளத்தில் 0.55. பிறந்த ஓராண்டிற்குள் இறக்கும் குழந்தைகள், 2020 ஆம் ஆண்டுக் கணக்கில், ஆயிரத்துக்கு மத்தியப்பிரதேசத்தில் 43, ஒன்றிய அளவில் 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. இவை ஒன்றிய அரசே வெளியிட்ட கணக்குகள். சத்துணவும், ஊர்தோறும் அமைந்த தொடக்க நல்வாழ்வு நிலையங்களும், பெண்கல்வியும், பங்கீட்டு அரிசியும் ஈன்ற பயன்கள் இவை. இதனைத் தமிழர் நெஞ்சு நிமிர்ந்து கூறலாம்.

இரண்டாம் படி, மாவட்டத்தோடு மாவட்டம். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படித் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு. கன்னியாகுமரியில் ஏறத்தாழ 92, சென்னையில் 90, கள்ளக்குறிச்சி பிரியாதிருந்த அன்றைய விழுப்புரத்தில் 71.9 மட்டுமே. ஒன்றிய நிரவலான 73-க்கும் இது கீழ். தமிழ்நாட்டின் மாந்த மேம்பாட்டு வரிசையிலும் விழுப்புரம் கடைநிலை மாவட்டங்களுள் ஒன்றாகவே நின்றது. வடக்கே பார்த்தால் தமிழகம் உயர்ந்து தோன்றுகிறது. தமிழகத்துக்குள்ளேயே பார்த்தால் விழுப்புரம் தாழ்ந்து தோன்றுகிறது. இவ்விரண்டும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பவன் தமிழுக்கும் நல்லவன் அல்லன், தமிழர்க்கும் நல்லவன் அல்லன்.

இதனை அடுத்த ஊரோடு ஒப்பிட்டால் இன்னும் உறைக்கும். அதே கடல், அதே காற்று, அதே மொழி, அதே உறவுமுறை. சாலைவழி ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அங்கே 2011-இல் எழுத்தறிவு 85.8 விழுக்காடு. மரக்காணத்துக் கடலோரத்தில் ஒருவனுக்குக் கொடுநோய் வந்தால் புதுச்சேரிச் சிப்மர் மருத்துவமனையை நாடி ஓடுகின்றனர். எல்லைக் கோடு ஒன்றுதான் இடையில் இருக்கிறது. அக்கோட்டை வரைந்தது பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும். கோட்டிற்கு அப்பால் ஒரு வாழ்வு, இப்பால் ஒரு வாழ்வு. பிறந்த இடம் ஒருவனின் அகவையையும் கல்வியையும் இவ்வாறு முடிவு செய்யுமாயின், அதைப் 'பிறப்பொக்கும்' நாடு என்று எவ்வாறு கூறுவது?

மூன்றாம் படி, உழைப்பாளியோடு உழைப்பாளி. குசராத்தின் சிறு ரண் வெளியில் அகரியா என்னும் மக்கள் உப்பு விளைவிக்கின்றனர். மழை நின்றதும் குடும்பத்தோடு அவ்வெறுவெளிக்குச் சென்று, நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பாத்தி கட்டி, கோடை முடியும் வரை அங்கேயே தங்குவர். குடிநீர் வெளியிலிருந்து ஊர்தியில் வரும். 1973-இல் அவ்வெளி காட்டுக் கழுதைகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டமையால், வழிவழியாக உழைத்த நிலத்தின் மேல் அவர்களுக்குரிய உரிமை இன்னும் வழக்காகவே நிற்கிறது. உப்பேறி இறுகிய அவர்தம் பாதங்கள் ஈமத்தீயிலும் எளிதில் எரியா என்று அங்குள்ளோர் கூறுவர். ஒன்றியத்தில் விளையும் உப்பில் நான்கில் மூன்று பங்கிற்கு மேல் குசராத்தினது. அம்மாநிலத்தின் தொழில்வளம் உலகறிந்தது. அவ்வளம் அகரியாவின் பாதத்தை எட்டவில்லை.

அவ்வாறே, தமிழ்நாட்டின் 2.20 விழுக்காட்டுப் பெருமை மரக்காணத்துப் பாத்தியை முழுமையாக எட்டவில்லை. வெண்மைப் பரப்பின் ஒளி கண்ணைக் கூசச் செய்து பார்வையைக் கெடுப்பதும், உப்புநீர் கைகால்களிற் புண்ணை உண்டாக்குவதும், உடலின் நீர் வற்றுவதும் இரண்டு கரைக்கும் பொது. மொழியால் வேறாயினும் வலியால் ஒன்றாகிய மக்கள் இவர்கள். தமிழர் உரிமை கேட்பது அகரியாவின் வாயிலிருப்பதைப் பறிப்பதற்கன்று. எந்தக் கரையில் உப்பு விளைகிறதோ அந்தக் கரையின் மக்களே அதனை ஆளவேண்டும் என்பதற்கே.

கடலில்லா ஊரிலிருந்து கடலை ஆள்தல்

உப்பு யாருடைய ஆளுகையில் இருக்கிறது? அரசமைப்பின் ஏழாம் இணைப்பில், ஒன்றியப் பட்டியலின் 58 ஆம் இனம் உப்பு. உப்பை விளைவித்தல், வழங்கல், பங்கிடல், அவற்றை நெறிப்படுத்தல் ஆகியன ஒன்றியத்தின் பொறுப்பு. உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது? தூத்துக்குடியில் இல்லை, வேதாரணியத்தில் இல்லை, குசராத்துக் கடற்கரையிலும் இல்லை. இராசத்தானின் செய்ப்பூரில் இருக்கிறது! சாம்பார் உப்பேரியை அடுத்த ஊர் என்பது மெய்யே. ஆயினும், கடற்கரையே இல்லாத மாநிலத்தில் அமர்ந்து கடலுப்பின் விதியை எழுதுகின்றனர். மரக்காணத்து அளநிலத்தில் ஒரு பகுதி ஒன்றிய உப்புத்துறைக்கு உரியது. அதில் உழைப்பவர் குத்தகைக்காரரும் கூலியாளருமே. நிலம் தமிழ்நிலம், நீர் தமிழ்க்கடல் நீர், வெயிலில் காய்பவன் தமிழன், உரிமைத்தாள் மட்டும் பிறிதோரிடத்தில்.

இது புதிய கதையன்று. ஆங்கில வணிகக் குழுமம் 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. தன் கடலோரத்தில் தானாக விளைந்த உப்பை எடுத்தவன் குற்றவாளி ஆனான். 1876-78 ஆம் ஆண்டுகளின் தாது ஆண்டுப் பெரும்பஞ்சத்தில், பசியால் வாடிய மக்களைக் கொண்டு பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதியை வெட்டி இணைத்தனர். பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை 420 கிலோமீட்டர் நீளம் அக்கால்வாய். உப்பும் விறகும் அதன்வழியே சென்னைக்குச் சென்றன. பஞ்சத்தில் இளைத்த உடல்கள் வெட்டிய வாய்க்காலின் வழியே வரி செலுத்திய உப்பு மிதந்து சென்றது. 1930-இல் வேதாரணியத்தில் உப்பு அறப்போர் நடந்தது. 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. வரி ஒழிந்தது, உப்பின் மேலிருந்த அயலாட்சி ஒழிந்ததா என்பதே கேள்வி.

நெல்லும் உப்பும்

அகநானூற்றுக் காலத்தில் ஓர் அளவு நெல்லுக்கு அதே அளவு உப்பை மாற்றினர். இன்று அந்நிகர்நிலை எங்கே போயிற்று? 2025-26 ஆம் ஆண்டிற்குப் பொதுவகை நெல்லுக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்த அளவு ஆதரவு விலை நூறு கிலோவுக்கு 2,369 உருபா. அதாவது கிலோவுக்கு இருபத்து மூன்றரை உருபாவுக்குச் சற்று மேல். உழவனுக்கு அதுவும் போதாது என்பது வேறு செய்தி. உப்புக்கோ அத்தகைய ஆதரவு விலையே கிடையாது. அளத்தில் அதன் விலை கிலோவுக்குச் சில உருபாவே. விளைச்சல் மிகுந்தால் அதுவும் சரியும். மழை கெடுத்தால் விலை ஏறும், விற்க உப்பு இராது.

ஆனால் கடைக்குச் சென்று பாருங்கள். பெருநிறுவனம் பொதிந்து விற்கும் உப்பின் விலை கிலோ இருபது உருபாவுக்கு மேல். ஆகவே நெல்லும் உப்பும் இன்றும் ஏறத்தாழ நிகராகவே விற்கின்றன! நிகர்நிலை அழியவில்லை; அதன் பயன்தான் அளத்திற்கும் அங்காடிக்கும் இடையே மறைந்து போகிறது. அக்காலத்து உமணன் தானே விளைத்த நிலத்தை அறிவான். தன் வண்டியிலேயே ஏற்றிச் சென்றான். இன்றைய அளத்தொழிலாளி விளைத்த உப்பு வணிகன் கைக்கும், ஆலைக்கும், அச்சிட்ட பைக்கும் மாறிச் செல்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை ஏறுகிறது, கூலி ஏறுவதில்லை.

2006 மேத்திங்கள் முதல் அயோடின் கலவாத உப்பை மாந்தர் நேரே உண்பதற்கு விற்றல் தடுக்கப்பட்டது. முன்கழுத்துக் கழலையையும் குழந்தைகளின் மூளைவளர்ச்சிக் குறைவையும் தடுக்கும் நன்னோக்கம் அது. அதனைக் குறை கூறலாகாது. எனினும், கலவைப் பொறிக்கு வேண்டிய முதலைச் சிற்றளக்காரனுக்கு யார் கொடுத்தார்? பொறி உடையவன் விலை சொல்பவன் ஆனான். பாத்தி உடையவன் விலை கேட்பவன் ஆனான். மாநில அரசின் தமிழ்நாடு உப்புக் கழகம் 1974 முதல் இயங்குகிறது. 2022-இல் 'நெய்தல் உப்பு' என்னும் நல்ல தமிழ்ப் பெயரோடு பொதியுப்பையும் விற்கத் தொடங்கியது. பெயர் தமிழாக இருத்தல் போதாது. மரக்காணம், வேதாரணியம், கோவளம் என ஒவ்வொரு கரையின் சிற்றளக்காரனிடமிருந்தும் உரிய விலைக்குக் கொள்முதல் செய்து, அப்பெயருக்குப் பொருள் சேர்த்தல் வேண்டும்.

புயலும் நஞ்சும் தீயும்

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியது. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிப் பெருமழை கொட்டியது; மரக்காணத்து அளங்கள் வெள்ளக்காடாயின. நெற்பயிர் மூழ்கினால் கணக்கெடுக்க ஒரு முறை உண்டு. கரைந்துபோன உப்பைக் கணக்கெடுப்பவர் யார்? கரைந்த உப்பிற்குச் சான்று கடல்தான்.

2023 மேத்திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பருகிப் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். குடியைக் கண்டிக்க வேண்டும்; கடிந்தே கூறவேண்டும். அதே வேளையில், கடலிலும் கரையிலும் உடல் நோவ உழைத்தவன் மலிவான நஞ்சை ஏன் நாடினான் என்பதையும் கேட்க வேண்டும். இறந்தவன் வீட்டு அடுப்பைப் புகையவைக்க இழப்பீடு வருகிறது. இருப்பவன் வீட்டு அடுப்பு அணையாமலிருக்க வழி வருவதில்லை.

இதனினும் வெட்கக்கேடான ஒன்றுண்டு. 2013 ஏப்பிரல் 25 அன்று மரக்காணத்தில் மூண்ட சாதிக் கலவரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. எரித்தவனும் தமிழன்; எரிந்த வீட்டுக்குரியவனும் தமிழன். வடக்கே உள்ளவன் தமிழனைத் தாழ்த்துகிறான் என்று முழங்குபவன், அடுத்த தெருவில் உள்ள தமிழனைத் தாழ்த்துவானாயின், அவன் முழக்கத்திற்கு என்ன மதிப்பு? வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு உண்டு. ஊருக்குள்ளேயே தெருவுக்குத் தெரு வேறுபாடும் உண்டு. முன்னதை அரசு படைத்தது. பின்னதைக் குமுகாயம் படைத்தது. முன்னதை எதிர்ப்பவர்க்குப் பின்னதை ஒழிக்கும் கடமையும் உண்டு.

செய்ய வேண்டுவன

நிதிப் பங்கீட்டில் தமிழ்நாட்டிற்கு இழைக்கப்படும் குறையை முதலில் தீர்க்க வேண்டும். 2011 கணக்கின்படி ஒன்றிய மக்கள்தொகையில் தமிழ்நாடு ஏறத்தாழ ஆறு விழுக்காடு. பதினைந்தாம் நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்கு ஒதுக்கிய வரிப்பங்கோ 4.079 விழுக்காடு. பின்தங்கிய மாநிலங்களுக்கு மிகுதியாகக் கொடுத்தல் அறமே. ஆனால் முன்னேறிய மாநிலத்தின் பின்தங்கிய கரைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை! தமிழகம் நிரவலில் உயர்ந்தது என்பதற்காக மரக்காணம் இழக்கிறது. பீகாரின் ஏழையைக் காணும் கண், மரக்காணத்து ஏழையைக் காணாதது ஏன்?

ஒன்றியத்தைக் கேட்கும் அதே நாவால் மாநில அரசையும் கேட்க வேண்டும். வாழ்நிலைக் கணக்கை மாவட்ட அளவோடு நிறுத்தாமல், வட்டம் வட்டமாக, தொழில் தொழிலாக எடுத்து வெளியிட வேண்டும். மழைக்காலத்தில் வேலையற்ற உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 உருபா வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கப்பெற்றது; நல்ல தொடக்கம். மூன்று திங்களுக்கு ஐயாயிரம் என்பது நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து உருபா அளவே என்பதையும் எண்ணி, அதனை உயர்த்த வேண்டும். உப்பிற்கு ஆதரவு விலை வேண்டும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடியும், காலுக்குக் காப்புறையும், அளத்தருகே குடிநீரும் நிழலும், பெண்களுக்குக் கழிப்பிடமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். 2008-09 அளவில் ஒப்பளிக்கப்பட்டும் ஏட்டளவில் நிற்கும் சென்னை–கடலூர்க் கடற்கரை இருப்புப்பாதை இக்கரை வழியே வரவேண்டும்.

கழுவெளி 2021 திசம்பரில் பறவைப் புகலிடமாகவும், 2024 ஆகத்தில் உலகளாவிய இராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. நெடுந்தொலைவு பறந்து வரும் பறவைக்கு இக்கரையில் உறுதியான புகலிடம் கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சியே! தலைமுறை தலைமுறையாக இங்கேயே நிற்கும் மாந்தனுக்கும் அதே உறுதி கிடைக்க வேண்டும். உப்பைப் பற்றிய ஆளுகை ஒன்றியப் பட்டியலிலிருந்து மாநிலத்திற்கு மாற வேண்டும். மாநிலத்திலிருந்து அளத்தொழிலாளர் கூட்டுறவுக்கு இறங்கி வரவேண்டும்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது தமிழர் வழிவழி போற்றிவரும் மொழி. சோறிட்டவளை நினைக்கின்றனர், அச்சோற்றுக்கு உப்பை விளைத்தவனை நினைப்பதில்லை. இன்றிரவு உண்ணும் ஒவ்வொரு தமிழனும் உப்பைக் கிள்ளும்போது மரக்காணத்துப் பாத்தியை நினைக்கட்டும். நினைத்தவன் கேட்கட்டும், கேட்டவன் கூடட்டும், கூடியவர் பெறும்வரை ஓயாதிருக்கட்டும்!

வெல்க தமிழ்! உயர்க தமிழர் வாழ்வு!